போனில் பழைய கேம் ஓட்டலாமா? எமுலேட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்ற வந்தவர்கள், வேலை முடியும் வரை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்விகளில் பாதி ஒன்றுதான்: "அண்ணே, இதுல முஸ்தபா ஓடுமா?" முஸ்தபா என்பது பழைய அடிதடி கேம் ஒன்று. ஓடும் என்றால் அடுத்து, "தப்பில்லையே?" வாரத்துக்கு நாலு பேருக்குச் சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவைத்துவிட்டேன். நான் வக்கீல் இல்லை. சட்டப் புத்தகத்தைப் பிரித்துப் படித்த மெக்கானிக். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

எமுலேட்டர்னா அதுவே கேமா?

இல்லை. இங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன, மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி சந்தேகம். எமுலேட்டர் என்பது பழைய கன்சோல், அதாவது கேம் விளையாடும் பெட்டி, போல நடிக்கும் ஆப். ரோம் என்பது கேசட்டில் அல்லது டிஸ்க்கில் இருந்த கேம், ஃபைலாக எடுக்கப்பட்டது. மூன்றாவது பயாஸ், சில கன்சோல்கள் ஆன் ஆனதும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்.

அந்தக் காலத்து ரெக்கார்டிங் சென்டர் ஞாபகம் இருப்பவர்களுக்கு இது சுலபம். டேப் ரெக்கார்டர் விற்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. யாருடைய பாட்டை யார் கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள் என்பதில்தான் பஞ்சாயத்து. எமுலேட்டர் டேப் ரெக்கார்டர். ரோம் பாட்டு.

அப்போ எமுலேட்டர் மட்டும் வெச்சிருந்தா தப்பில்லையா?

தப்பில்லை. இது 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அடித்துப் பேசி முடிக்கப்பட்ட விஷயம். பிளேஸ்டேஷன் கேம்களை மேக் கம்ப்யூட்டரில் ஓட்ட கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் ஒரு மென்பொருள் கொண்டுவந்தது. சோனி வழக்குப் போட்டது. பயாஸைப் பிரித்துப் பார்த்து, அது செய்யும் வேலையைப் புரிந்துகொண்டு, சொந்தமாகப் புதிதாக எழுதியது நியாயமான பயன்பாடுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிலீம் என்ற இன்னொரு எமுலேட்டர் மேலும் சோனி வழக்குப் போட்டது, அங்கேயும் பிலீமுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்குச் செலவிலேயே பிலீம் நொடித்துப்போய் 2001இல் மூடிவிட்டது. கனெக்டிக்ஸின் மென்பொருளை சோனியே வாங்கி நிறுத்திவிட்டது. ஜெயித்தவர்கள் இரண்டு பேருமே கடையைக் கட்டினார்கள், அது வேறு கதை.

நம் ஊரில் 1957ஆம் வருட பதிப்புரிமைச் சட்டம். அதன் 52ஆம் பிரிவு, எதெல்லாம் மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. ஒரு புரோகிராமோடு இன்னொரு புரோகிராம் சேர்ந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, முறைப்படி வைத்திருப்பவர் ஆராய்ந்து எடுக்கலாம் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோனி 2018இல் பிளேஸ்டேஷன் கிளாசிக் என்று 20 கேம்களோடு ஒரு குட்டிப் பெட்டி விற்றதே, அதற்குள் ஓடியது ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்ட பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு எமுலேட்டர். கோர்ட்டில் எதிர்த்தவர்களே கடைசியில் பெட்டிக்குள் வைத்து விற்றார்கள்.

பிளே ஸ்டோர்லயே இருக்கு. அப்போ எல்லாமே லீகல்தானே?

ஸ்டோரில் இருப்பது டேப் ரெக்கார்டர். அதற்குள் நீங்கள் போடும் கேசட்டுக்கு கூகுள் பொறுப்பேற்கவில்லை.

ஆப்பிள் ரொம்ப நாள் இந்தப் பக்கமே விடவில்லை. 2024 ஏப்ரலில்தான் விதியை மாற்றி பழைய கேம் எமுலேட்டர்களை அனுமதித்தது. முதலில் ஐஜிபிஏ என்று ஒன்று வந்தது. அது வேறொருவர் எழுதிய ஜிபிஏ4ஐஓஎஸ் எமுலேட்டரின் நகல், மேலே விளம்பரத்தை ஒட்டியிருந்தார்கள். ஆப்பிள் சில நாளில் தூக்கிவிட்டது. ஒரிஜினலை எழுதியவர் டெல்டா என்ற பெயரில் தானே வந்தார். ஆக, ஸ்டோரில் இருக்கிறது என்பதால் அந்த ஆப் நேர்மையானது என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே போகிற கேமைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ரோம் டவுன்லோட் பண்ணா தப்பா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தப்பு. உரிமையாளர் இலவசமாக விட்டிராத கேமை, அனுமதி இல்லாத தளத்திலிருந்து இறக்குவது பதிப்புரிமை மீறல்.

சட்டம் என்ன சொல்கிறது? 63பி என்று ஒரு பிரிவு. கம்ப்யூட்டர் புரோகிராமின் திருட்டு நகலைத் தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ இல்லையென்றால், நீதிமன்றம் சிறைத் தண்டனை விதிக்காமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு விடலாம். "கம்ப்யூட்டர்னுதானே போட்டிருக்கு, போன்னு இல்லையே" என்று ஒரு தம்பி கேட்டார். தகவலைச் செயலாக்கும் திறன் உள்ள எந்த மின்னணுக் கருவியும் கம்ப்யூட்டர்தான் என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. தப்பிக்க முடியாது, தம்பி.

24 மணி நேரத்துல டெலிட் பண்ணிட்டா ஓகேவாமே?

எந்தச் சட்டத்திலும் இல்லை. ரோம் தளங்கள் தங்கள் மேல் பழி வராமல் இருக்க எழுதிவைத்த வாசகம், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி இன்று சட்டம் போல உலவுகிறது. பக்கத்து வீட்டு வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் சாயங்காலம் திருப்பி நிறுத்தினாலும் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான்.

ஒரிஜினல் டிஸ்க் என்கிட்ட இருக்கு. அப்போ டவுன்லோட் பண்ணிக்கலாமா?

இதுதான் கொஞ்சம் நுணுக்கமான கேள்வி, நிதானமாகப் படியுங்கள். 52ஆம் பிரிவில் இரண்டு இடங்கள் உங்களுக்கு உதவும். ஒன்று, புரோகிராமை முறைப்படி வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ கெட்டாலோ பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ஒரு நகல் எடுத்துவைக்கலாம். இன்னொன்று, தானே சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து, வணிக நோக்கமில்லாத சொந்தப் பயன்பாட்டுக்காக நகல் எடுக்கலாம்.

"தானே சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து" என்ற வார்த்தைகளை இன்னொரு முறை படியுங்கள். உங்கள் டிஸ்க்கிலிருந்து நீங்கள் எடுத்த நகல் இதற்குள் வரும். எங்கோ ஒருவர் அவருடைய டிஸ்க்கிலிருந்து எடுத்து நெட்டில் ஏற்றியதை நீங்கள் இறக்கினால் வராது. இரண்டு ஃபைலும் பைட்டுக்கு பைட் ஒன்றாகவே இருந்தாலும் சரி. கேட்பதற்குக் கோமாளித்தனமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த விலக்குகள் கம்ப்யூட்டர் புரோகிராமுக்குத்தான். கேமுக்குள் இசை இருக்கிறது, படம் இருக்கிறது. அவை தனித்தனிப் படைப்புகள். அதனால் இதை இரும்புக் கேடயமாக நினைக்க வேண்டாம். நியாயம் என்று பார்த்தால், காசு கொடுத்து வாங்கியவர் தன் டிஸ்க்கைத் தன் போனில் விளையாடுவதில் யார் வயிற்றிலும் அடிக்கவில்லை என்பதுதான் என் கட்சி.

சின்ன வயசுல மஞ்சள் கேசட்ல 9999 கேம் வெச்சிருந்தேன். அதுவும் ஒரிஜினல்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் முகத்தைப் பார்த்தால் பதில் சொல்லவே மனசு வராது. நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டில் இருந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாம் இல்லை, அதன் நகல் பெட்டி. நாம் அதை டிவி கேம் என்றோம். ஃபேமிகாம் 1983இல் ஜப்பானில் வந்தது. தைவானிலும் சீனாவிலும் அதன் நகல்கள் பெருகி, பண்டிகைக் காசில் வாங்கும் விலைக்கு இங்கே இறங்கின. கேசட்டில் மாரியோ, கான்ட்ரா, டேங்க். அந்த டேங்க்கூட நாம்கோவின் பேட்டில் சிட்டியை யாரோ மாற்றிவிட்ட வடிவம்.

போன தீபாவளிக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று ஒரு அக்கா இரண்டு கேசட்டைக் கொண்டுவந்து, "இது வேலை செய்யுமா பாருங்க" என்றார். ஸ்க்ரூகூட இல்லை, நகத்தால் நெம்பினாலே ஓடு பிரிந்தது. உள்ளே உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பச்சை போர்டு, நடுவில் கறுப்பாக ஒரு பிசின் உருண்டை. அவ்வளவுதான். சிப்பின் மேல் பெயரோ எண்ணோ இல்லை. 9999 என்று மேலே போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது பத்திருபது கேம்தான். அதையே மூன்றாம் லெவலில் ஆரம்பிப்பது, ஆள் வேகமாக ஓடுவது என்று மாற்றி மாற்றிப் பட்டியலை நிரப்பியிருப்பார்கள். இரண்டாவது பக்கம் தாண்டியதும் சின்ன வயதிலேயே நமக்கு அது தெரிந்துவிட்டது, என்ன செய்ய.

இப்போது சட்டத்துக்கு வருவோம். முந்தைய பதிலில் சொன்னேனே, "சட்டப்படி பெற்ற பிரதி" என்று. அந்தக் கேசட்டில் இருந்த கேமுக்கு அதைச் செய்த நின்டெண்டோவுக்கோ கொனாமிக்கோ ஒரு ரூபாய்கூடப் போயிருக்காது. அதனால் அதிலிருந்து நகல் எடுக்கும் உரிமையும் நமக்கு இல்லை. உங்கள் அப்பா கடைக்காரரிடம் காசு கொடுத்துத்தான் வாங்கினார், ஏமாற்றவில்லை. ஆனால் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நகல் டிஸ்க்கும் ஓடும்படி சிப் போட்ட பிளேஸ்டேஷன் 2இல், பஜாரில் வாங்கிய நகல் டிஸ்க் போட்டு விளையாடியவர்களுக்கும் இதே பதில்.

என் டிஸ்க்ல இருந்து நானே எப்படி எடுக்கிறது?

பிளேஸ்டேஷன் 1, 2 என்றால் ரொம்பச் சுலபம். கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவில் டிஸ்க்கைப் போட்டு, இமேஜ் எடுக்கும் இலவச மென்பொருளால் ஃபைலாக்கினால் போதும். பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கில் இருந்த பாதுகாப்பு, தகவலைப் பூட்டி வைப்பதில் இல்லை. டிஸ்க்கின் தடத்திலேயே ஒரு நெளிவு வைத்து, அது இருந்தால்தான் கன்சோல் டிஸ்க்கை ஏற்கும் என்பதில் இருந்தது. சாதாரண டிரைவ் அந்த நெளிவைக் கண்டுகொள்வதே இல்லை. கார்ட்ரிட்ஜ் என்றால் அதைப் படித்து ஃபைலாக்கும் யூஎஸ்பி கருவிகள் விற்கின்றன. சோனியின் கையடக்கக் கன்சோல் பிஎஸ்பி என்றால், அதன் டிஸ்க்கை அதே பிஎஸ்பியில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

பூட்டு உள்ள புதிய கன்சோல்களில்தான் வம்பு. 2012 திருத்தத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள்: பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் 2 வருடம் வரை சிறை, அபராதம். நோக்கம் என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் பூட்டை உடைப்பதே தனிக் குற்றம், நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை.

பயாஸ் வேணும்னு கேட்குது. அதை எங்க எடுக்கிறது?

பயாஸும் பதிப்புரிமை உள்ள புரோகிராம்தான், ரோமுக்குச் சொன்னது அத்தனையும் இதற்கும் பொருந்தும். உங்கள் கன்சோலிலிருந்து நீங்கள் எடுத்தால் ஒரு கணக்கு, நெட்டில் இறக்கினால் வேறு கணக்கு. சின்ன ஃபைல்தானே என்று யாரும் யோசிப்பதில்லை.

நல்ல செய்தி, நிறைய எமுலேட்டருக்கு இது தேவையே இல்லை. பழைய ஃபேமிகாம், சூப்பர் நின்டெண்டோவுக்குப் பயாஸ் கிடையாது. பிபிஎஸ்எஸ்பிபி என்ற பிஎஸ்பி எமுலேட்டர், அந்தக் கன்சோலின் உள் மென்பொருள் செய்யும் வேலையைத் தானே எழுதி வைத்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 2க்குத்தான் கட்டாயம் கேட்கும்.

கடையிலயே கிடைக்காத கேமுக்கு என்ன பண்றது? கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

இதில்தான் சட்டமும் மனசாட்சியும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். முஸ்தபாவையே எடுத்துக்கொள்வோம். உண்மையான பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், கேப்காம் 1993இல் விட்ட ஆர்கேட் கேம், அதாவது கடையில் காசு போட்டு ஆடும் மெஷின் கேம். நாலு ஆட்களில் மஞ்சள் தொப்பிக்காரர் முஸ்தபா கெய்ரோ. நம் ஊர்ப் பசங்க வாயில் நுழைந்த ஒரே பெயர் அதுதான் என்பதால் கேமுக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஓர் அமெரிக்க காமிக்ஸைத் தழுவி உரிமம் வாங்கிச் செய்தது. அந்த உரிமம் குறுக்கே நிற்பதால்தானோ என்னவோ, கேப்காம் 2018இல் ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ என்று தன் பழைய அடிதடி கேம்கள் ஏழை ஒரே கட்டாக விட்டபோதும் முஸ்தபா அதில் இல்லை.

சரி, ஒரிஜினல் ஆர்கேட் போர்டையே வாங்கிவிடலாமா? அந்தப் போர்டில் ஒலிப் பகுதியை நடத்தும் சிப் குறியாக்கம் செய்யப்பட்டது. அதன் சாவியை ஒரு சின்ன பேட்டரிதான் காத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரி செத்தால் சாவி அழியும், போர்டு ஒழுங்காக ஓடாது. 1993இல் வைத்த பேட்டரி! ஆர்வலர்கள் அதைப் பிரித்து, படித்து, மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரில் ஓட வைத்திருக்காவிட்டால் இந்த கேம் நம் பேச்சில் மட்டும்தான் இருந்திருக்கும்.

முஸ்தபா மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வில் சொன்னது. நூலகங்கள் அப்படிப்பட்ட கேம்களை ஆராய்ச்சியாளர்களுக்கு இணையம் வழியாகக் காட்ட அனுமதி கேட்டார்கள். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது.

ஆனாலும் விற்பனையில் இல்லை என்பதால் உரிமை போய்விடாது. உரிமையாளர் கைவிட்டதாக எழுதிக் கொடுத்தால் ஒழிய, "கைவிடப்பட்ட கேம்" என்ற வகையே சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் நிறுவனத்துக்காகச் செய்த படைப்புக்கு வெளியான வருடத்திலிருந்து 95 வருடம் காப்பு. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் அங்கே பொதுச் சொத்தாவது 2081இல். என் பேரன் கடை வைத்தால் பார்த்துக்கொள்வான். என் கணக்கு இப்படி: காசு கொடுக்க வழி இருந்தும் கொடுக்காமல் எடுப்பது ஒன்று, கொடுக்க வழியே இல்லாமல் எடுப்பது இன்னொன்று. சட்டத்துக்கு இரண்டும் மீறல்தான். எனக்கு இரண்டும் ஒன்றில்லை.

இதுவரைக்கும் யாரையாவது பிடிச்சிருக்காங்களா?

வீட்டில் உட்கார்ந்து விளையாடுபவரைத் தேடி யாரும் வருவதில்லை. வழக்கு எல்லாம் ஏற்றி வைப்பவர்கள், விற்பவர்கள் மேல்தான். லவ்ரோம்ஸ் என்ற தளத்தை நடத்தியவர்கள் 2018இல் நின்டெண்டோவோடு 1 கோடியே 22 லட்சம் டாலருக்கு மேல் என்று சமரசத்துக்கு வந்தார்கள். ரோம்யுனிவர்ஸ் தளத்துக்கு எதிராக 2021இல் 21 லட்சம் டாலர் தீர்ப்பானது. 2018 ஆகஸ்டில் எமுபாரடைஸ் தன் ரோம்களைத் தானே எடுத்துவிட்டது.

பிடிக்க மாட்டார்கள் என்பதும் தப்பில்லை என்பதும் வேறு வேறு. ஹெல்மெட் போடாமல் சந்துக்குள் போகிறவருக்கு இது தெரியும்.

எமுலேட்டர் தப்பில்லைன்னீங்க. அப்புறம் ஏன் ஸ்விட்ச் எமுலேட்டரை மூடினாங்க?

நல்ல கேள்வி, என்னை மடக்கத்தான் கேட்கிறீர்கள் என்றாலும். ஸ்விட்ச் என்பது நின்டெண்டோவின் கன்சோல். யூசு என்ற ஸ்விட்ச் எமுலேட்டர்மேல் நின்டெண்டோ 2024 பிப்ரவரி கடைசியில் வழக்குப் போட்டது. ஒரே வாரத்தில், மார்ச் 4ஆம் தேதி, 24 லட்சம் டாலர் தருவதாக ஒத்துக்கொண்டு யூசு மூடப்பட்டது. நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோல் 3டிஎஸ்ஸுக்கு அதே குழு செய்த எமுலேட்டர் சிட்ராவும் கூடவே போனது. அதே வருடம் அக்டோபரில் ரியூஜின்க்ஸும் நின்றது.

கனெக்டிக்ஸ் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் இரண்டு வித்தியாசம். ஒன்று பூட்டு: ஸ்விட்ச் கேம்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை, யூசு சாவியை வைத்து அதைத் திறந்தது, அமெரிக்கச் சட்டத்தில் அது தனிக் குற்றம் என்பதுதான் நின்டெண்டோவின் வாதம். விசாரணை நடக்கவே இல்லை, அதனால் தீர்ப்பும் இல்லை. இரண்டாவது, நேரம். 2023 மே மாதம் வந்த செல்டா கேம் வெளியாவதற்கு முன்பே பத்து லட்சம் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டது என்று நின்டெண்டோ புகாரில் சொன்னது. யூசு குழுவுக்கு மாதாமாதம் சந்தா வேறு வந்துகொண்டிருந்தது. கடையில் விற்றுக்கொண்டிருக்கும் கேமை ஓட்டிக் காசு பார்ப்பதற்கும் முப்பது வருடப் பழைய முஸ்தபாவுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. யூசுவுக்காக எனக்குப் பெரிதாக வருத்தம் வரவில்லை. சிட்ரா போனதுதான் வலித்தது. 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையையே நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடிவிட்டது, இனி அங்கே புதிதாக வாங்கவும் முடியாது.

ஆன்லைன்ல 10,000 கேமோட கையடக்கக் கன்சோல் விக்குது. அதை வாங்கலாமா?

கருவியை வாங்கலாம், பெரும்பாலும் நல்ல கருவிகள்தான். கூட வரும் மெமரி கார்டுதான் மஞ்சள் கேசட்டின் பேரன். 10,000 கேமுக்கு உரிமம் வாங்கி அந்த விலைக்கு யாராலும் விற்க முடியாது.

அதில் இன்னொரு திருட்டும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. ஸ்னெஸ்9எக்ஸ் போன்ற சில எமுலேட்டர்களை எழுதியவர்கள் "இலவசமாகக் கொடுங்கள், விற்காதீர்கள்" என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். அதையே பெட்டிக்குள் போட்டு விற்கிறார்கள். இது அந்த எழுத்தாளர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஒரு சம்பவம்: 2019இல் கேப்காம் ஹோம் ஆர்கேட் என்ற பெட்டிக்காக எஃப்பி ஆல்ஃபா எமுலேட்டரை வணிகத்துக்குப் பயன்படுத்த அதன் முன்னணி டெவலப்பர் உரிமம் கொடுத்தார். கூட உழைத்த மற்றவர்கள், எங்களைக் கேட்காமல் எப்படி என்று வெளியேறி ஃபைனல்பர்ன் நியோ என்று தனியாக ஆரம்பித்துவிட்டார்கள். இன்று போனில் ஆர்கேட் கேம் ஓட்டுபவர்கள் பலர் பயன்படுத்துவது அந்த நியோவைத்தான்.

வெறும் கருவியை மட்டும், கார்டு இல்லாமல் விற்பவர்களும் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

நீங்களே கொஞ்சம் காசு வாங்கிட்டு கேம் ஏத்திக் கொடுக்கலாமே?

மாட்டேன். முன்பு ஒரு நோட்டில் கேம் பெயரெல்லாம் எழுதி வைத்து, இத்தனை கேமுக்கு இவ்வளவு என்று போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன், மறைக்கவில்லை. அந்த நோட்டைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. 63பியில் சொந்தப் பயன்பாட்டுக்கு இருக்கும் சலுகை எனக்குக் கிடையாது. எனக்கு 63ஆம் பிரிவு: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை. அந்தக் குற்றத்துக்குப் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது.

எமுலேட்டரை எப்படி நிறுவுவது, கன்ட்ரோலரை எப்படி இணைப்பது என்று காட்டிக் கொடுப்பேன். அதற்குக் காசு வாங்குவதில்லை, டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பேன்.

ஃப்ரீயா கிடைக்கிற எமுலேட்டருக்கு எதுக்கு காசு கொடுக்கணும்?

கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிபிஎஸ்எஸ்பிபி இலவசமாகவும் இருக்கிறது, கோல்டு என்று காசுக்கும் இருக்கிறது; எழுதியவருக்கு நன்றி சொல்லும் வழி அது.

ஆனால் கொடுக்காதவர்கள் திட்டவாவது வேண்டாம். ஆண்ட்ராய்டில் பிளேஸ்டேஷன் 2 எமுலேட்டர் ஏதர்எஸ்எக்ஸ்2வை எழுதியவர், "ஏன் என் போன்ல வேகமா ஓடலை" என்று கேட்டவர்களின் வசவையும் மிரட்டலையும் தாங்க முடியாமல் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார். அத்தனையும் இலவசமாகக் கொடுத்த மனிதர். எமுலேட்டர் நெறிமுறை என்று யாராவது ஆரம்பித்தால், ரோமைவிட முதலில் எனக்கு ஞாபகம் வருவது இதுதான்.

அப்புறம், "பிஎஸ்5 எமுலேட்டர் போனுக்கு" என்று வருவதெல்லாம் பொய். அதை நிறுவிய போன்களை நான்தான் ஃபார்மட் செய்கிறேன்.

ஒரு கேமைத் தமிழ்ல மாத்திப் போட்டா?

மொழிபெயர்க்கும் உரிமையும் படைப்பாளிக்குத்தான். ஆர்வலர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முழு கேமையும் பகிராமல், மாற்றிய இடங்களை மட்டும் சின்ன ஃபைலாக விடுவது. கேமை அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் நினைத்தால் அதற்கும் ஆட்சேபம் சொல்லலாம், ஆனால் இது கை சுத்தமான வழி. யாராவது தமிழில் செய்தால் எனக்குச் சொல்லுங்கள்.

தப்பே இல்லாம விளையாட ஏதாவது இருக்கா?

நிறைய இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். ஃபேமிகாமுக்கும் கேம் பாய்க்கும் இன்றும் புதிதாக கேம் எழுதுகிறார்கள். மைக்ரோ மேஜஸ் என்று 2019இல் வந்தது. மொத்தமே 40 கிலோபைட், நாலு பேர் சேர்ந்து விளையாடலாம், வாங்கினால் ரோம் ஃபைலையே கொடுக்கிறார்கள். கேம் பாய்க்கு டோபு டோபு கேர்ள் இலவசம். மேம் தளத்திலேயே கிரிட்லி, ராபி ரோட்டோ போன்ற சில ஆர்கேட் கேம்களை உரிமையாளர்களின் அனுமதியோடு வைத்திருக்கிறார்கள்.

எமுலேட்டரே வேண்டாம் என்றால் பழைய சோனிக், மெகாமேன், ஃபைனல் ஃபேண்டசி எல்லாம் நிறுவனங்களே போனுக்கு விட்டிருக்கின்றன. வைஸ் சிட்டி 2012இலேயே போனுக்கு வந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் செலவழித்ததைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

சரி அண்ணே, உங்க போன்ல என்ன இருக்கு?

பிபிஎஸ்எஸ்பிபியில் மூன்று கேம், மூன்றும் என் பிஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நான் எடுத்தவை. டிஸ்க்குகள் கடை டிராயரில் இருக்கின்றன, வந்தால் காட்டுகிறேன். மைக்ரோ மேஜஸ் காசு கொடுத்து வாங்கியது.

முஸ்தபாவும் இருக்கிறது. மேலே எழுதிய எந்தப் பிரிவும் அதைக் காப்பாற்றாது, தெரிந்தேதான் வைத்திருக்கிறேன். கேப்காம் என்றைக்காவது அதை விற்பனைக்குப் போட்டால் அன்றைக்கே வாங்கிவிட்டு இதை அழித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பையனிடமும் அதைத்தான் சொன்னேன். "வாங்கின பிறகு எதுக்குப்பா அழிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அவன் இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.